ஆங்கிலம் தெரியாத அம்மாவும் ஆசிரியை ஆகலாம்!

"அப்பா கடலுக்குப் போகிறார்."

மணமேல்குடிக் கரையோரத்தில் இப்படிச் சொல்லாத மீனவர் வீட்டுப் பிள்ளை உண்டா? ஆனால் இதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பையன் திருதிருவென்று விழிக்கிறான். ஏன்?

தமிழில் "போகிறார்" என்ற ஒரே சொல் போதும். தினமும் போகிறார் என்றாலும் அதுதான். இதோ, இப்போது போகிறார் என்றாலும் அதுதான். ஆங்கிலத்தில் அப்படி அல்ல. தினமும் போகும் வழக்கத்துக்கு "கோஸ்". இப்போது போய்க்கொண்டிருந்தால் "இஸ் கோயிங்". இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அவர்கள் மண்டு அல்ல. இரண்டு மொழிகளின் போக்கும் வேறு!

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாது. நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்கலாம்.

சைக்கிள் பாடம்

1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயலில் உழைத்த பெண்களும், கல் உடைத்த பெண்களும் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடவும் பழகினார்கள்.

புத்தகத்தைப் பார்த்தா சைக்கிள் பழகினார்கள்? இல்லை. ஏறி, விழுந்து, மறுபடி ஏறிப் பழகினார்கள். ஆங்கிலமும் அப்படித்தான்!

நாலு கேள்வி

அடுப்படியில் இருந்தபடியே தமிழில் கேளுங்கள். பையன் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும்.

"அப்பா தினமும் என்ன செய்கிறார்?" - "ஃபாதர் கோஸ் டு ஸீ."

"இப்போது?" - "ஃபாதர் இஸ் கோயிங் டு ஸீ."

"நேற்று?" - "ஃபாதர் வென்ட் டு ஸீ."

"நாளை?" - "ஃபாதர் வில் கோ டு ஸீ."

நாலு பதிலும் நாலு விதமாக ஒலிக்க வேண்டும். இரண்டு பதில் ஒன்றுபோல் கேட்டால், "புத்தகத்தைப் பார், தம்பி!" என்று சொல்லுங்கள். இதற்கு ஆங்கிலம் வேண்டாம், காது போதும்!

ஒரு எச்சரிக்கை. "நான்" என்று தொடங்கினால் "கட்", "புட்" போன்ற சில சொற்கள் நேற்றைக்கும் மாறாமல் நிற்கும். ஆகவே முதலில் அப்பாவையும் அக்காவையும் பற்றியே கேளுங்கள்.

எலுமிச்சம்பழ விளையாட்டு

"பெட்டியில்" என்கிறோம். "இல்" பின்னால் வருகிறது. ஆங்கிலத்திலோ "இன் தி பாக்ஸ்". "இன்" முன்னால் வருகிறது!

ஒரு எலுமிச்சம்பழத்தை எடுங்கள். பெட்டிக்குள் போட்டால் "இன்". மேலே வைத்தால் "ஆன்". அடியில் வைத்தால் "அண்டர்". நீங்கள் இடம் மாற்றுங்கள், பிள்ளை சொல்லட்டும்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. மணிக்கு "அட்": அட் ஃபைவ். கிழமைக்கு "ஆன்": ஆன் சண்டே. மாதத்துக்கும் வருஷத்துக்கும் "இன்": இன் ஜனவரி.

சிரிக்காதீர்கள்!

பிள்ளை தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். வீட்டில் சிரித்தால், வகுப்பில் வாயைத் திறக்கமாட்டான்.

நாளை அவன் அயல்நாட்டில் ஒரு இயந்திரத்தின் அருகே நிற்கலாம். "சுவிட்சை அணைத்துவிட்டாயா?" என்று மேலதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார். "அணைத்துவிட்டேன்" என்பதற்கும் "அணைப்பேன்" என்பதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், ஒரு உயிரே போய்விடலாம்!

இன்று இரவே நாலு கேள்வி கேளுங்கள். தப்பினால் என்ன? சைக்கிளில் விழாமலா பழகினோம்?