ஏழு மாதத் தூக்கம்

முகம் எலி, வால் அணில். ஐரோப்பியக் காடுகளில் வாழும் டார்மவுஸ் உண்மையில் அணிலுக்குத்தான் நெருங்கிய சொந்தம். பெயரில் உள்ள 'டார்', தூங்குவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் எச்சம் என்பது பெரும்பாலோர் கருத்து. இக்குடும்பத்தின் பெரிய உருப்படி ஒன்றை ஜெர்மானியர்கள் 'ஏழு தூங்கி' என்றே அழைக்கிறார்கள். அது படுத்தால் எழ ஏழு மாதம்.

இங்கிலாந்தின் ஹேசல் டார்மவுஸ் கட்டைவிரலைவிடச் சற்றே நீளம். கோடையில் எடை 20 கிராம் இருந்தாலே அதிகம். நார்ச்சத்தைச் செரிக்க மற்ற கொறிவிலங்குகளுக்கு உள்ள குடல்பை இதற்கு இல்லை. அதனால் இலையைத் தின்று காலம் தள்ள முடியாது. வசந்தத்தில் பூ, அப்புறம் பூச்சி, பழம், கடைசியில் ஹேசல் கொட்டை என்று மாதத்துக்கு ஒன்றாகக் காடு பரிமாறியாக வேண்டும். கொட்டையை இது தின்ற விதமே தனி: ஓட்டில் வட்டமாக ஒரு துளை, உள்விளிம்பு இழைத்தாற்போல் வழவழப்பு, வெளியே சாய்வாகப் பல் தடங்கள். 1993இல் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் இந்த ஓடுகளைப் பொறுக்கித்தான் டார்மவுஸ் எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

கொழுத்து, எடை ஏறக்குறைய இருமடங்கானதும் மரத்தைவிட்டுத் தரைக்கு இறங்கும். சருகுக்கடியில், வேண்டுமென்றே குளிர்ந்த ஈர இடமாகப் பார்த்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். உடல் வெப்பம் மண்ணின் வெப்பத்துக்கே இறங்கிவிடும். மூச்சு எப்போதோ ஒன்று. கொழுப்பு மெல்லக் கரைய இதுதான் வழி. கதகதப்பான குளிர்காலம் இதற்கு வரமல்ல, வினை. இடையிடையே விழித்தால் சேமிப்பு தீரும். வெளியே தீனியும் இருக்காது.

அந்தக் கொழுப்புக்கு ரோமானியர்கள் அலைந்தார்கள். 'ஏழு தூங்கி' என்ற அந்தப் பெரிய இனத்தைக் காற்றுத்துளையிட்ட மண்சாடிகளில் அடைத்து, ஓக் விதையும் அக்ரூட் கொட்டையும் போட்டுக் கொழுக்க வைத்தார்கள். ரோமானிய எழுத்தாளர் வார்ரோவின் வேளாண் நூலில் இந்தச் சாடிகளின் செய்முறையே இருக்கிறது. ஆடம்பரம் என்று சட்டம் போட்டுத் தடுத்தும் பார்த்தார்கள், விருந்து நிற்கவில்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் 'மலபார் முள் டார்மவுஸ்' என்று ஒன்று உண்டு. வால் நுனியில் தூரிகைபோல் மயிர், முதுகில் முள்மயிர், வாயில் மிளகு. மிளகுத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த பழைய தொல்லை. ஆனால் வால் ஒற்றுமையை வைத்து வந்த பெயர்தான் அது. டார்மவுஸ் குடும்பத்தோடு அதற்கு உறவில்லை.