சாயம் போனாலும் உப்புப் போகுமா?

நீர் கெட்டால் நிலம் கெடும்; நிலம் கெட்டால் ஊரே கெடும். இதனை நொய்யல் கரை உழவர்கள் பட்டு அறிந்தவர்கள். திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு நீர் பல்லாண்டுகள் அவ்வாற்றில் கலந்தது. பாசனத்திற்கென 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவே தேங்கியது. கழிவு நீரை வெளியே விடாத ஏற்பாடுகள் அமையும் வரை பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

சாய நீரைச் சூரிய ஒளியைக் கொண்டே தெளிவிக்கும் முறை ஒன்று இந்நாளில் ஆராயப்பட்டு வருகிறது. அதன் தன்மையை நாம் அறிந்து கொள்ளுதல் நலம்.

வெள்ளை வர்ணத்தில் சேர்க்கப்படும் டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் பொருளின் மேல் ஒளியை விழச் செய்து, நீரை ஆக்ஸிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிக்கலாம் என 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபூஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். இப்பொடியைச் சாய நீரில் கலந்து வெயிலில் வைத்தால், அதன் மேற்பரப்பில் வீரியம் மிக்க துகள்கள் தோன்றிச் சாயத்தைச் சிதைக்கின்றன. வினை முற்றுப் பெற்றால் சாயம் பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. பொடியோ செலவாவதில்லை. ஆதலின் அதனை ஒளி வினையூக்கி என்பர்.

ஆயினும் குறைகள் உள. வெயிலில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே உள்ள புற ஊதாக் கதிர்களே இப்பொடியை இயக்கும். அடர்ந்த நிறமுள்ள நீரில் ஒளி ஆழமாக ஊடுருவாது. நுண்ணிய பொடியை மீண்டும் வடித்தெடுப்பதும் எளிதன்று.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. பருத்தியில் சாயம் பற்றுவதற்காகப் பட்டறைகளில் உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. ஒளி வினையூக்கி சாயத்தை அழிக்குமேயன்றி உப்பை நீக்காது. உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டிகளும், நீரை ஆவியாக்கும் கொதிகலன்களும் வேண்டும். ஆகவே பளிங்கு போல் தோன்றும் நீரும் மண்ணை இறுகச் செய்து பயிரை வாட்டக்கூடும்.

"நிறம் நீங்கிவிட்டது" என்று எவரேனும் கூறினால், "உப்பு எவ்வளவு?" என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பி, அதன் மின் கடத்து திறனை அறியலாம். அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேற்படின், உப்பைத் தாங்கும் சில பயிர்கள் நீங்கலாக மற்றவற்றிற்கு அந்நீரைப் பாய்ச்சுதல் தகாது. நீரின் நலத்தைக் கண்ணால் மட்டும் கண்டு தீர்மானித்தல் ஆகாது என்பதை ஒவ்வோர் ஊரும் உணர்தல் வேண்டும்.