எடின்பரோ: நின்றதையும் விழுந்ததையும் பார்க்க ஒரு நடை

எடின்பரோ போய் வந்த யாருடைய இன்ஸ்டாகிராமைத் திறந்தாலும் அதே நாலு போட்டோதான். பாறை மேல ஒரு கோட்டை, கில்ட் கட்டிக்கிட்டு பேக்பைப் வாசிக்கிற ஒருத்தர், ஒரு நாய் சிலை, அப்புறம் மழை. தப்பில்லை, எல்லாமே அங்க இருக்கு. ஆனா இந்த இதழைப் படிக்கிற நீங்க பெரும்பாலும் சிவிலோ மெக்கானிக்கலோ படிக்கிறவங்க. ஸ்காட்லாந்தின் இந்தத் தலைநகரத்துக்கு மேல்படிப்புக்கோ வேலைக்கோ என்றாவது போனால், உங்களுக்காக வேறொரு சுற்று இருக்கு. இந்த ஊரில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பல இடங்கள், ஏதோ ஒன்று இடிந்ததாலோ ஒழுகியதாலோ இன்றைய உருவத்துக்கு வந்தவை.

முதல்ல நிலத்தைப் புரிஞ்சுக்கணும். கோட்டை நிற்கும் பாறை சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலையின் தொண்டைக்குள் உறைந்துபோன குழம்பு. பனியுகத்தில் மேற்கிலிருந்து வந்த பனிப்பாளங்களால் இந்தக் கடினமான பாறையை அசைக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் சுரண்டிக்கொண்டு கிழக்கே போய்விட்டன. பாறையின் மறைவில் இருந்த மென்மையான மண்படிவம் மட்டும் வால் மாதிரி நீண்டு, சரிந்து இறங்குகிறது. அந்த வாலின் முதுகில் போடப்பட்ட தெருதான் 'ராயல் மைல்'. மேலே கோட்டை, கீழே ஹோலிரூட் அரண்மனை. பழைய ஸ்காட்லாந்து மைல் கணக்கு என்பதால் நடக்கும்போது 1.8 கிலோமீட்டர் வரும்.

வாலின் முதுகு குறுகலானது. வடக்கே ஓர் ஏரி, தெற்கே பள்ளம், சுற்றி மதில். ஜனத்தொகை கூடக் கூட பக்கவாட்டில் இடம் கிடையாது, அதனால மேலே மேலே கட்டினாங்க. தெருவின் இரு பக்கமும் சந்து சந்தா இறங்குதே, அதுக்குப் பேர் 'குளோஸ்'. மேரி கிங்ஸ் குளோஸ் என்ற சந்தை இன்று பூமிக்கடியில் போய்ப் பார்க்கணும். 1753-இல் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டிடத்தைத் தொடங்கினபோது அங்கிருந்த வீடுகளின் மேல்மாடிகளை மட்டும் இடிச்சுட்டு, கீழ்ப்பகுதியையே அஸ்திவாரமா வெச்சுக்கிட்டாங்க. அதாவது ஒரு தெரு அப்படியே இன்னொரு கட்டிடத்தின் கடைக்காலாகிவிட்டது. டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கொடுத்த காசுக்குத் தகும்.

காசே கொடுக்காமல் பார்க்க வேண்டியது அதே தெருவில் இன்னும் கீழே இருக்கிறது. பெய்ஸ்லி குளோஸ் வாசல் வளைவுக்கு மேலே ஒரு சிறுவனின் முகம் கல்லில் செதுக்கியிருக்கும். பெரும்பாலான டூரிஸ்ட்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். 1861 நவம்பர் 24, நள்ளிரவு தாண்டிய நேரம். அங்கிருந்த பழைய அடுக்குமாடி வீடு, உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்க, மொத்தமாகச் சரிந்தது. 35 பேர் செத்தார்கள். இடிபாடுகளைக் கிளறிக்கொண்டிருந்தவர்களுக்கு அடியிலிருந்து ஒரு பையனின் குரல் கேட்டது: இழுங்கப்பா, நான் இன்னும் சாகலை! அந்தப் பேச்சுத்தான் முகத்துக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கிறது. பையன் பிழைத்தான்.

இது ஒரு சிலையோடு முடிந்த கதையில்லை. பழைய நகரத்தில் ஏழைகள் எப்படி அடைந்து கிடக்கிறார்கள் என்று ஊர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே ஹென்றி லிட்டில்ஜான் நகரத்தின் முதல் சுகாதார அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 1865-இல் அவர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1867-இல் நகரச் சீரமைப்புச் சட்டம் வந்தது. நெருக்கமான சந்துகளை இடித்துப் புதுத் தெருக்கள் போட்டார்கள். அவற்றில் ஒன்று சேம்பர்ஸ் தெரு. ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் இன்று அங்கேதான் இருக்கிறது. அனுமதி இலவசம். குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டைப் பதப்படுத்தி வெச்சிருக்கிறதும் அங்கேதான்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில்தான் கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற அந்த நாய் சிலை. மூக்கைத் தடவினா அதிர்ஷ்டம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தடவித் தடவி மேல்பூச்சு போய், உள்ளூர்க்காரங்க கடுப்பில் இருக்காங்க.

அடுத்து சவுத் பிரிட்ஜ். அது பாலம் என்பதே நடக்கிறவங்களுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் கடைகள் இருக்கிற சாதாரண ரோடு மாதிரிதான் இருக்கும். 1788-இல் திறந்த இதற்கு 19 வளைவுகள். கௌகேட் தெருவைத் தாண்டும் ஒரே ஒரு வளைவு மட்டும் வெளியே தெரியும், மீதி 18-ம் கட்டிடங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. அந்த வளைவுகளுக்குள் தளம் போட்டு அறைகளாகப் பிரித்து கிடங்கு, பட்டறை என்று வாடகைக்கு விட்டார்கள். அவசரத்தில் மேல்தளத்துக்கு வாட்டர் ப்ரூஃபிங் சரியாகச் செய்யவில்லை. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வியாபாரிகள் காலி செய்துகொண்டு போனார்கள். வேறு போக்கிடம் இல்லாத ஏழைகள் அந்த இருட்டிலும் ஈரத்திலும் குடியேறினார்கள். பிறகு அறைகளையே மூடிவிட்டு ஊர் மறந்துபோனது. 1980-களில் தோண்டித் திறந்தபோது பொம்மைகளும் மருந்து பாட்டில்களும் கிடைத்தன. இன்று அங்கே பேய்க்கதை டூர்தான் பிரபலம். என்னைக் கேட்டா, பேயைவிட பயங்கரம் அந்தச் சுவரில் இன்னமும் இருக்கிற ஈரம். வரலாற்று டூர்னு தனியா இருக்கு, அதை எடுங்க.

இதற்கு அண்ணன் நார்த் பிரிட்ஜ். பழைய நகரத்தையும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் திட்டமிட்ட புதிய நகரத்தையும் இணைக்க 1763-இல் தொடங்கியது. 1769 ஆகஸ்டில் தென்முனைச் சுவர் இடிந்து 5 பேர் இறந்தார்கள். காரணம் மண். சரிவில் வீடு கட்டியவர்கள் வருஷக்கணக்காகக் கொட்டிய தளர்ந்த மண்ணின் மேலேயே அஸ்திவாரம் நின்றுவிட்டது. இயற்கையான கெட்டித் தரை இன்னும் கீழே இருந்தது. சாயில் மெக்கானிக்ஸ் பேப்பரில் 'போர்ஹோல் எதற்கு?' என்று கேட்டால் எழுத இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்று நாம் நடப்பது 1897-இல் முடிந்த பாலம். கீழே எட்டிப் பார்த்தால், பள்ளத்துக்குள் வேவர்லி ரயில் நிலையம்.

மதியம் 1 மணிக்கு முன்னால் கால்டன் குன்றுக்கு ஏறிடுங்க. அங்கே நெல்சன் நினைவுக் கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய பந்து இருக்கும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்ய, 1 மணிக்கு அது கீழே விழும்படி 1850-களில் ஏற்பாடு செய்தார்கள். மூடுபனியில் பந்து எப்படித் தெரியும்? அதனால்தான் 1861-இல் கோட்டையிலிருந்து பீரங்கி சுடும் வழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர இன்றும் சுடுகிறார்கள். ஆனால் ஒலிக்கு நேரம் பிடிக்குமே! கோட்டையிலிருந்து கால்டன் குன்று சுமார் 1.2 கிலோமீட்டர், வினாடிக்கு 340 மீட்டர் என்று வகுத்துப் பாருங்கள், மூன்றரை வினாடி. லீத் துறைமுகத்துக்கு இன்னும் அதிகம். எந்த இடத்தில் எத்தனை வினாடி கழிக்க வேண்டும் என்று வட்டம் வட்டமாக வரைந்த வரைபடமே அப்போது அச்சிட்டார்கள். 12 மணிக்கு ஏன் சுடலை? 12 குண்டு செலவாகுமே என்பது ஸ்காட்லாந்துக்காரங்க தங்களைப் பத்தியே சொல்லிக்கிற ஜோக். அதே குன்றில் 12 தூண்களோடு நிற்கும் கிரேக்கக் கோயில் மாதிரியான கட்டிடம், 1829-இல் பணம் தீர்ந்து பாதியில் நின்றது. அதையே பெருமையாகக் காட்டுகிறார்கள்!

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஃபோர்த் ரயில் பாலத்துக்குப் போங்கள். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் கோட்டையை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வேன். வடக்கே டே ஆற்றுப் பாலம் 1879 டிசம்பர் 28 இரவு புயலில் ரயிலோடு விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதை வடிவமைத்த தாமஸ் பௌச்சிடம்தான் ஃபோர்த் பாலத்தின் பொறுப்பும் இருந்தது. காற்றுச் சுமைக்கென்று அவர் தனியாக எதையும் சேர்த்திருக்கவில்லை. அவருடைய திட்டத்தைக் கைவிட்டு, ஜான் ஃபௌலர், பெஞ்சமின் பேக்கர் இருவரிடமும் கொடுத்தார்கள். இந்த முறை சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம் என்று கணக்கிட்டார்கள்.

அந்த கேன்டிலீவரைப் புரிய வைக்க பேக்கர் ஆட்களையே உட்கார வைத்தார். இரண்டு பேர் நாற்காலியில் கையை விரித்தபடி. கையிலிருந்து நாற்காலிக்குச் சாய்வாக ஒரு கழி. நடுவில் ஒரு பலகையில் ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வதனபே. வெளிப்பக்கம் எடைக்குச் செங்கல் கட்டு. கைகள் இழுவிசை, கழிகள் அமுக்கவிசை. ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்தா நீங்களே செய்து பார்க்கலாம். நடுவில் ஒல்லியான ஆளை உட்கார வைங்க.

1890-இல் திறந்த அந்தப் பாலத்தில் 65 லட்சம் ரிவெட்டுகள், ஒவ்வொரு பெரிய இடைவெளியும் 521 மீட்டர். கட்டும்போது இறந்தவர்கள் 73 பேர். அதில் 38 பேர் மேலிருந்து விழுந்தவர்கள். அவர்கள் பெயர்கள் பொறித்த நினைவிடம் ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது. சவுத் குயின்ஸ்ஃபெர்ரி கரையில் நின்றால் 1890, 1964, 2017 என்று மூன்று நூற்றாண்டுப் பாலங்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பிறகு டால்மெனி ஸ்டேஷனில் ஏறி, பாலத்தைத் தாண்டி நார்த் குயின்ஸ்ஃபெர்ரியில் இறங்குங்கள். போகும்போது இடது பக்க ஜன்னல் கிடைத்தால் மற்ற இரண்டு பாலங்களும் தெரியும்.