வயிற்றுப் புண்ணும் சீனத்து மூலிகையும்

"கேஸ்டிக்" என்ற சொல் கேட்காத லயம் நம் தோட்டங்களில் இல்லை. விடியற்காலையில் வெறும் பிளேன்டியைக் குடித்துவிட்டு மலைக்கு ஏறினால், பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு கரிக்கும், வயிறு எரியும். இப்படி அவதிப்படும் ஒருவர் அண்மையில் எங்களிடம் கேட்டார்: "டவுன்ல சீனாக்காரன் மூலிகைத் தூள் விக்கிறாங்க. குடிச்சா வயித்துல புத்துநோயே வராதாமே, வாங்கலாங்களா?"

நியாயமான கேள்விதான். சீன நாட்டிலேயே இதைப் பரீட்சை பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்கிறோம்.

வயிற்றுப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வயிற்றின் உள்தோல் நெடுங்காலம் அழற்சி கண்டு மெலிந்து போகிறது. பிறகு அந்த இடத்தில் குடலின் தோலைப் போன்ற தோல் முளைக்கிறது. அதற்கும் பிறகுதான் உயிரணுக்கள் உருமாறத் தொடங்குகின்றன. இதற்குப் பல வருடங்கள் ஆகும். இந்த நிலைகளைப் புற்றுநோய்க்கு முந்திய நிலைகள் என்கிறார்கள். இவை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதேயில்லை. சிலருக்கு மருந்தே இல்லாமல் தானாகவும் தணிகிறது.

சிக்கலே இங்குதான். ஒருவர் ஆறு மாதம் கஷாயம் குடித்தார், புண் ஆறிவிட்டது என்றால், ஆற்றியது கஷாயமா, காலமா? அதோடு, டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கும்போது அரிசிமணி அளவு சதையைத்தான் கிள்ளி எடுக்கிறார். போன தடவை கிள்ளிய இடமும் இந்தத் தடவை கிள்ளும் இடமும் ஒன்றாக இருக்குமென்று சொல்ல முடியுமா? ஆகவே ஒருவரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறையப் பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்து, யாருக்கு எது கிடைத்ததென்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மொலுவோதான் என்பது பல மூலிகைகள் சேர்ந்த சீன மருந்து. இதை 196 நோயாளிகளுக்கு ஆறு மாதம் இப்படிப் பரீட்சித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு மூலிகை, மற்றதற்கு போலிக் அமிலம் என்ற விட்டமின். உருமாறிய அணுக்கள் மறைந்தது மூலிகைக் கூட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்கு. மற்றதில் 15 பேருக்கு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் இத்தனை குறைந்த ஆட்களில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். புற்றுநோயைத் தடுத்ததா என்று பார்க்கவோ ஆறு மாதம் போதவே போதாது.

இதைவிடப் பெரிய பரீட்சை சாண்டோங் மாகாணத்தில் லின்சூ என்ற இடத்தில் நடந்தது. அங்கே வயிற்றுப் புற்றுநோய் மிக அதிகம். வெள்ளைப்பூடு நிறையச் சாப்பிடுவோருக்கு அது குறைவாக வருவதை முன்பே கவனித்திருந்தார்கள். 1995இல் 13 கிராமங்களில் 3,365 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு வெள்ளைப்பூட்டுச் சாறும் எண்ணெயும், சிலருக்கு விட்டமின், மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரியான, மருந்தில்லாத குளிசை. ஏழு வருடத்துக்கு மேல், தினமும் இரண்டு வேளை! நாமென்றால் ஏழு நாளில் மறந்து போவோம்.

ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி வயிற்றில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆரம்பத்திலேயே இரண்டு வாரம் அதற்கான மருந்தும் கொடுத்தார்கள். பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும் இந்தக் கிருமிதான் வயிற்று அழற்சிக்கு முக்கிய காரணம். இதைக் கண்டுபிடித்த அவுஸ்திரேலிய டாக்டர்கள் வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தவர்.

முடிவு என்ன? ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோது வெள்ளைப்பூட்டாலும் விட்டமினாலும் வயிற்றுத் தோலில் பலன் தெரியவில்லை. கிருமிக்கு மருந்து எடுத்தவர்களுக்குத் தெரிந்தது. ஏறக்குறைய 15 வருடத்தில், மருந்து எடுக்காதவர்களில் ஆயிரத்துக்கு 46 பேருக்குப் புற்றுநோய் வந்தது. எடுத்தவர்களில் 30 பேருக்கு. இரண்டே வார மருந்து!

ஆனால் அவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. 22 வருடம் தொடர்ந்து பார்த்து 2019இல் எழுதினார்கள். வெள்ளைப்பூடு எடுத்தவர்களில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு; விட்டமின் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதி. ஏழாம் வருடத்திலேயே கணக்கை முடித்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். ஆனாலும் அவர்கள் கொடுத்தது அளவு பார்த்துச் செய்த குளிசை. நம் கறியில் போடும் நாலு பல் பூடு அதற்குச் சமமென்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, டவுன் கடைத் தூளுக்கு வருவோம். அதில் என்னென்ன இருக்கிறதென்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா? பெல்ஜியத்தில் உடம்பு மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானதை 1993இல் டாக்டர்கள் வெளியிட்டார்கள். ஒரு மூலிகைக்குப் பதில் நஞ்சான வேறொன்று கலந்துவிட்டிருந்தது. மூலிகை என்றாலே கெடுதல் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் வீட்டுக் கொத்தமல்லித் தண்ணீரையும் குறை சொல்லவில்லை. தூளை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடுவதுதான் எங்களுக்குப் பயம்.

வயிற்று எரிச்சல் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, அரசாங்க வைத்தியசாலைக்குத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிருமி இருக்கிறதா என்று அங்கே கேளுங்கள். மருந்து தந்தால், எரிச்சல் நின்றுவிட்டதே என்று பாதியில் விடாமல் முழுதும் குடியுங்கள். வேறு தூளோ கஷாயமோ குடித்து வந்தால் பொட்டலத்தையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ, சோறு இறங்காமல் அடைத்தாலோ, சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே புறப்படுங்கள்.