வானலைப் பங்கீடும் கற்கும் இயந்திரமும்

மாலை ஆறு மணி. கிராமச் சுகாதார ஊழியர் ஒருவர் அன்றைய தடுப்பூசிக் கணக்கைக் கைபேசி வழியே மேலிடத்திற்கு அனுப்ப முயல்கிறார். கைபேசிக் கோபுரம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. இடையே ஒரு குன்றும் மறைக்கிறது. அதே வேளையில், கோபுரத்தை அடுத்த கடைத்தெருவில் நூற்றுக்கணக்கானோர் தத்தம் கைபேசிகளில் படக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஊழியரின் கணக்கு எப்போது போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமன்று; கோபுர நிலையத்தில் இயங்கும் ஒரு பங்கீட்டு விதியும் அதனைத் தீர்மானிக்கிறது. அவ்விதியை இயற்றும் பணியில் இப்போது கற்கும் இயந்திரங்களும் ஈடுபடுத்தப்படுகின்றன.

பங்கிடப்படும் பொருள்

வானலை, ஆற்று நீரைப் போன்று அளவுக்குட்பட்ட செல்வம். நான்காம் தலைமுறை முறையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 100 பாத்திகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தப் பாத்தி எந்தக் கைபேசிக்கு என்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்கு ஒரு முறை முடிவு செய்யப்படுகிறது. ஆகவே வினாடி ஒன்றுக்கு ஒரு லட்சம் பங்குகளை நிலையம் வழங்கியாக வேண்டும். ஐந்தாம் தலைமுறையில் இக்கால அளவு இன்னும் குறுகி, சில அலைவரிசைகளில் எட்டில் ஒரு பங்காகி விடுகிறது.

ஒரே அகலமுள்ள பாத்தி எல்லோருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை. கோபுரத்தருகே உள்ளவர் ஒரு பாத்தியில் மிகுந்த செய்தியைப் பெறுவார். தொலைவில் உள்ளவர் சிறிதளவே பெறுவார். மேலும், அலைகள் கட்டடங்களிலும் மரங்களிலும் மோதித் திரும்புவதால், ஒருவருக்குக் கிடைக்கும் அலையின் தரம் கணத்துக்குக் கணம் ஏறியிறங்குகிறது. கைபேசிகள் இத்தரத்தை அளந்து, 0 முதல் 15 வரையுள்ள எண்ணாக நிலையத்திற்கு அறிவித்துக்கொண்டே இருக்கின்றன.

மூன்று விதிகள்

பங்கீட்டு விதிகளின் இயல்பை இரண்டு பகடைகளைக் கொண்டு வகுப்பறையிலேயே விளக்கலாம். இராமன் கோபுரத்தருகே இருப்பவன். அவன் பகடையில் விழும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். கோபால் எல்லையில் இருப்பவன். அவனுக்கு விழுந்த எண்ணே அளவு. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் பகடை உருட்டுவர். ஆனால் ஒருவனுக்கே பங்கு.

முதல் விதி, முறைவைத்துக் கொடுப்பது. நெடுநேரம் ஆடினால், சுற்று ஒன்றுக்குச் சராசரியாக இராமன் 17.5-உம், கோபால் 1.75-உம் பெறுவர்.

இரண்டாவது விதி, அதிகம் பெறக்கூடியவனுக்கே கொடுப்பது. இராமனின் மிகக் குறைந்த அளவான 10, கோபாலின் மிக உயர்ந்த அளவான 6-ஐ விடப் பெரிது. ஆகவே இராமன் 35 பெறுவான், கோபாலுக்கு ஒன்றுமில்லை. மொத்த விளைச்சல் பெருகுகிறது; கடைமடை காய்கிறது.

மூன்றாவது விதி, தத்தம் சராசரியோடு ஒப்பிட்டு, எவனுக்கு அது நல்ல வேளையோ அவனுக்குக் கொடுப்பது. அதாவது பெரிய எண் விழுந்தவனுக்குப் பங்கு. சமமாயின் நாணயம் சுண்டலாம். இப்போது இராமன் ஏறத்தாழ 22.4-உம், கோபால் 2.24-உம் பெறுவர். முறைவைத்துக் கொடுத்ததைக் காட்டிலும் இருவருக்குமே சுமார் 28 விழுக்காடு இலாபம், எவருக்கும் நட்டமில்லை.

தரம் உயர்ந்தவருக்கே ஒவ்வொரு கணமும் அலையைக் கொடுத்தால் மொத்தப் பயன் உச்சத்தை அடையும் என்று நாப், ஹம்ப்லெட் என்ற இரு ஆராய்ச்சியாளர் 1995-இல் காட்டினர். விகிதாசார நியாயம் என்ற கருத்தை இங்கிலாந்தின் பிராங்க் கெல்லி 1997-இல் வலைப் பங்கீட்டிற்குக் கணித முறையில் வகுத்தளித்தார். ஒருவர் இக்கணம் பெறக்கூடிய அளவை, அவர் அண்மையில் பெற்று வந்த சராசரியால் வகுத்து, விடை மிகுந்தவருக்குப் பங்களிப்பதே அதன் நடைமுறை வடிவம். நெடுநேரம் பங்கின்றி இருப்பவரின் சராசரி குறைவதால், அவர் முறை தானே வந்து விடுகிறது.

இயந்திரம் கற்பது எவ்வாறு?

இத்தகைய சிறந்த விதி இருக்க, கற்கும் இயந்திரம் எதற்கு? பேச்சும் படக்காட்சியும் கருவிகளின் அளவீடுகளும் இன்று ஒரே வலையில் செல்கின்றன. பேச்சு தாமதத்தைப் பொறுக்காது, கோப்பு பொறுக்கும். கைபேசி அறிவித்த தரம், ஓடும் பேருந்தில் இருப்பவரைப் பொறுத்தவரை நிலையத்தை எட்டுவதற்குள்ளேயே பழையதாகி விடுகிறது. 2025-இல் பிரயாக்ராஜில் நடந்த மகாகும்ப மேளா போன்ற திருவிழாக்களில் மக்கள் கூட்டம் நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரே சூத்திரம் இவை அனைத்திற்கும் பொருந்துவது அரிது.

கற்கும் நிரலுக்குச் சூத்திரம் முன்கூட்டித் தரப்படுவதில்லை. நிலையத்தின் நிலைமையை அது காண்கிறது. ஒரு முடிவைச் செய்கிறது. விளைவுக்கேற்ற மதிப்பெண்ணைப் பெறுகிறது. பல லட்சம் முறை இவ்வாறு பழகிய பின்னர், எந்த நிலைமையில் எந்த முடிவு நன்மதிப்பெண் தரும் என்பதை அது அறிந்துகொள்கிறது. மற்றொரு வகை நிரல், கடந்த நாட்களின் கணக்கைக் கொண்டு அடுத்த மணியின் நெரிசலை முன்னறிவிக்கிறது.

விரிவான கணக்கீட்டிற்கு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதாது. ஆகையால் வேலை பிரிக்கப்படுகிறது. 2018-இல் தொடங்கப்பட்ட ஓ-ரான் கூட்டமைப்பின் திட்டப்படி, ஒரு வினாடிக்கு மேற்பட்ட கால அளவில் ஒரு கட்டுப்பாட்டு நிரல் கற்று வழிகாட்டுகிறது. அதனினும் விரைவான மற்றொன்று, வினாடியின் நூறில் ஒரு பங்கு முதல் ஒரு வினாடி வரையுள்ள கால அளவில் திருத்தங்களைச் செய்கிறது. கணத்துக்குக் கணம் பாத்தியை ஒதுக்கும் வேலை நிலையத்திடமே இருக்கிறது.

மதிப்பெண் வழங்குவோரின் பொறுப்பு

இயந்திரம் நியாயத்தை அறியாது. மதிப்பெண்ணை மட்டுமே அறியும். மொத்தச் செய்தியின் அளவுக்கே மதிப்பெண் வழங்கினால், அது விரைவில் இரண்டாவது விதியையே கற்றுக்கொள்ளும். எல்லையில் உள்ள ஊழியரைக் கைவிடுவதே இலாபம் என்று கண்டுகொள்ளும். பழைய சூத்திரத்தில் இக்குறை இருந்தால் எளிதில் புலப்படும். கற்ற நிரலில் அது எண்களுக்குள் மறைந்து கிடக்கும். எனவே, ஒவ்வொருவருக்கும் உரிய குறைந்தபட்சப் பங்கு, தாமதத்தின் உச்ச வரம்பு ஆகியவற்றை நிபந்தனைகளாக முன்பே விதிக்க வேண்டும்.

நகரத்தின் அளவீடுகளில் பழகிய நிரல் மலைநாட்டில் தவறக்கூடும். தவறு செய்தே அது கற்பதாலும், அத்தவறுகளை மக்கள் தாங்க நேரிடலாகாது என்பதாலும், முதற் பயிற்சி கணினியில் அமைத்த போலி வலையில் நடைபெறுகிறது. போலி வலை மெய்யான களத்திற்கு ஈடாகாது. ஆகவே நிரல் தடுமாறும்போது பழைய விதிக்கே திரும்பும் ஏற்பாடும் இன்றியமையாதது.

இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மே 17 அன்று, சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த ஐந்தாம் தலைமுறைச் சோதனைக் களம் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய களங்களில் புதிய முறைகளைப் பொதுமக்களின் வலைக்குக் கொண்டு செல்லுமுன் சோதித்துப் பார்க்க இயலும்.

களப் பணியாளர் கருத வேண்டியது ஒன்றுண்டு. கைபேசியில் தோன்றும் கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுவனவேயன்றி, கிடைக்கும் பங்கைக் காட்டுவன அல்ல. கோடுகள் நிறைந்தும் செய்தி நகராவிடில், காரணம் பெரும்பாலும் நெரிசலே. அவசரமில்லாத பெரிய கோப்புகளை நெரிசல் குறைந்த வேளையில் அனுப்புவது நலம். செய்தி தடைப்பட்ட இடத்தையும் வேளையையும் குறித்து வைத்துச் சேவை நிறுவனத்திற்கு அறிவித்தால், அக்குறிப்பு வலையைச் சீர்செய்வோர்க்கு உதவும். கடைமடைக்கு நீர் எட்டியதா என்பதைக் கடைமடையில் நிற்பவரே முதலில் அறிவார்.