கணினியின் கடிகாரமும் நம் நாட்டு நேரமும்

குவாஹாத்தியில் வாழும் தமிழர் விடியலை முன்னதாகவே காண்கிறார். சூரத்தில் வாழ்பவர் நெடுநேரம் கழித்தே காண்கிறார். எனினும் இருவர் கடிகாரமும் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன. 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு 1906 ஜனவரி 1-ஆம் நாள் ஏற்பட்ட இந்தியத் திட்ட நேரமே இதற்குக் காரணம். அது உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டது.

நம்மில் பலர் இன்று வெளிமாநில அலுவலகங்களில் கணினிகளைப் பேணி வருகிறோம். யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் போன்ற அமைப்புகள் நேரத்தை எவ்வாறு கணிக்கின்றன? அவை 1970 ஜனவரி 1, உலகப் பொது நேர நள்ளிரவு முதல் கடந்த விநாடிகளை எண்ணுகின்றன. அவ்வெண்ணிக்கை எந்நாட்டுக்கும் ஒன்றே. அதை உள்ளூர் மணியாக மாற்றிக் காட்டுவது நேர வட்டார விதி ஒன்றே.

ஆகவே மணி தவறாகத் தெரிந்தால் உடனே கடிகாரத்தைத் திருப்பிவிடலாகாது. திருப்பினால் எக்கடிதம் முன் வந்தது, எப்பணம் பின் சென்றது என்னும் பதிவுகள் யாவும் குழம்பும். முதலில் 'டைம்டேட்சிடிஎல்' என்னும் கட்டளையைத் தட்டிப் பார்ப்போம். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அது உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், வட்டாரத்தின் பெயர் ஆகியவற்றைக் காட்டும். உலகப் பொது நேரம் சரியாயிருந்து உள்ளூர் நேரம் மட்டும் பிழைத்திருந்தால், குற்றம் வட்டாரத்தினுடையது. உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்ட கணினியில் காலை 9 மணிக்கென்று குறித்த வேலை, நமக்குப் பிற்பகல் 2.30-க்கே நடைபெறும்.

வட்டாரப் பட்டியலில் சென்னையைத் தேடினால் கிடைக்காது, பெங்களூரும் இல்லை. இந்தியா முழுமைக்கும் 'ஏசியா/கொல்கத்தா' என்பதே பெயர். அண்மையிலுள்ளது என்று கொழும்பைத் தேர்வது முறையன்று. இன்று இரண்டும் ஒத்திருப்பினும், 1996 முதல் 2006 வரை இலங்கையின் நேரம் நம்மினின்றும் வேறுபட்டிருந்தது. அக்காலப் பதிவுகளைத் திறந்தால் மணி மாறித் தோன்றும்.

பட்டியலில் இல்லாத சென்னை, விதியினுள்ளே இருக்கிறது. இரயில்வேக்கள் முன்னர்க் கைக்கொண்ட சென்னை நேரம், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று, 1906-க்கு முற்பட்ட காலத்திற்காக அங்கே பதிவாகியுள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளப்பட்டதும் அதில் உண்டு.

நாட்டிற்குள் ஊர் மாறினும் இவ்வமைப்பை மாற்ற வேண்டுவதில்லை. வட்டாரத்தைச் சரியாக அமைத்து, விநாடிக் கணக்கைத் தீண்டாதிருப்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி.