ஒரு முருங்கைக்காய் 50 ரூபாய்!

“முருங்கைக்காய் என்ன விலைப்பா?”

“50 ரூபாய், அம்மா!”

“ஒரு கட்டா?”

“கட்டு இல்லை அம்மா. ஒரே ஒரு காய்!”

கேட்டவர் கையில் எடுத்த காயைக் கீழே வைத்து விடுகிறார். கால் கிலோ கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகளில் நடந்த பேச்சு இப்படித்தான் இருந்தது. அந்த மாதத்தில் முருங்கைக்காய் கிலோ 400 ரூபாய் வரை ஏறியது. நீளமான காய் ஒன்று 100 கிராம் முதல் 150 கிராம் வரை எடை இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காய் 40 ரூபாய், 50 ரூபாய், 60 ரூபாய்!

இது முதல் தடவை அல்ல. 2021 டிசம்பரிலும் கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. மழை வலுத்த ஆண்டுகளில் எல்லாம் மார்கழி வந்தால் இந்தக் கூத்துதான்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் சாம்பார் வைக்க வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு காய் வேண்டும். இரண்டு காய்க்கு 100 ரூபாய். தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி இலவசம். அந்தச் சோற்றுக்கு ஊற்றுகிற சாம்பாரில் மிதக்கும் காய்க்கு 100 ரூபாய்!

கொல்லைப்புறத்து மரம்

முருங்கை ஒன்றும் சீமையில் இருந்து வந்த காய் அல்ல. இந்திய நாட்டின் மரம். ஆங்கிலத்தில் “மொரிங்கா” என்று சொல்லுகிறார்களே, அந்தப் பெயரே நம் “முருங்கை”யில் இருந்து போனதுதான். ஒரு போத்தை வெட்டி நட்டால் போதும், வேர் பிடித்து விடும். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் கோபித்துக் கொள்ளாது. கீரை, பூ, காய் எல்லாம் கறியாகும். கிராமத்து வீடுகளில் திடீர் என்று விருந்தாளி வந்தால் கொல்லைப் பக்கம் போய்த் துரட்டியால் நாலு காய் பறித்து வந்து குழம்பு வைத்து விடுவார்கள். காசு என்ற பேச்சே கிடையாது.

“முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்” என்பது பழமொழி. முருங்கையைத் தின்று வளர்ந்தவனுக்கு முதுமையிலும் தடி ஊன்ற வேண்டி இராது, கையை வீசி நடப்பான் என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள். 2024 மார்கழியில் முருங்கை வாங்கப் போனவர்தான் வெறுங்கையோடு திரும்பினார்!

காய் எங்கே போயிற்று?

பங்குனி, சித்திரை, வைகாசி. இந்த மூன்று மாதமும் முருங்கைக்கு வேட்டை. வெயில் ஏற ஏற மரம் காயாகத் தொங்கும். அதன் பிறகு இன்னொரு பருவத்திலும் ஓரளவு காய் உண்டு.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அதுதான் முருங்கைக்குப் பகை. மண்ணில் ஈரம் அதிகமானால் பூ உதிரும். மேகமூட்டமும் குளிரும் சேர்ந்தால் மிச்சம் இருக்கிற பூவும் நிற்காது. மரத்தடியில் வெள்ளை வெள்ளையாகப் பூ கொட்டிக் கிடக்கும். பார்க்க அழகுதான். ஆனால் உதிர்ந்த பூ ஒவ்வொன்றும் வராமல் போன காய்!

பூ பிடித்ததில் இருந்து காய் பறிக்கிற பக்குவத்துக்கு வர இரண்டு மாதம் ஆகும். ஆகவே, ஐப்பசியில் உதிர்ந்த பூவின் பலனை மக்கள் மார்கழியில் அனுபவிக்கிறார்கள். தை பிறந்தால் கல்யாண முகூர்த்தங்கள். கல்யாணச் சாம்பாரில் முருங்கைக்காய் இல்லாவிட்டால் பந்தியில் முணுமுணுப்பு எழும். காய் இல்லாத நேரம் பார்த்துத் தேவை கூடுகிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

பெரியகுளத்து விதை

முன்பெல்லாம் தமிழ்நாட்டில் மரமுருங்கைதான். யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, மூலனூர் முருங்கை என்று பல ரகம். போத்து நட்டு வளர்ப்பார்கள்.

1980களில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் ஒரு புது ரகம் உண்டாக்கினார்கள். பெயர், பி.கே.எம்.-1. இது செடிமுருங்கை. விதை போட்டு முளைப்பது. ஆறே மாதத்தில் காய்ப்புக்கு வந்து விடும். ஒரு மரம் ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் கொடுக்கும். காய்ப்பு முடிந்ததும் தரையில் இருந்து மூன்று அடி விட்டு மேலே வெட்டி விட்டால் மறுபடியும் தழைத்துக் காய்க்கும். மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாகத் தவித்துக் கொண்டிருந்த திண்டுக்கல், கரூர், திருப்பூர், தேனிப் பக்கத்து விவசாயிகளுக்கு இது பெரிய கொடை. அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் முருங்கை ஒரு தனி விவசாயமாகவே வளர்ந்து விட்டது.

அந்த விதை தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. மராட்டியத்துக்கும் குஜராத்துக்கும் போயிற்று. அங்கே வடகிழக்குப் பருவமழை கிடையாது. தென்மேற்குப் பருவமழை புரட்டாசியோடு ஓய்ந்து விடும். பிறகு வானம் வெளுத்து விடும். பூ நிற்கும். மார்கழியில் காய் தொங்கும்.

அந்தக் காய்தான் லாரி ஏறிக் கோயம்பேட்டுக்கு வருகிறது! பெரியகுளத்தில் பிறந்த ரகம், மராட்டிய மண்ணில் காய்த்து, பிறந்த வீட்டுக்கே விலை சொல்லிக் கொண்டு வருகிறது!

லாரி ஏறிய காய்

சென்னைக் கோயம்பேடு மார்க்கெட் 1996-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொத்தவால் சாவடியில்தான் காய்கறி வியாபாரம். நள்ளிரவு தாண்டியதும் கோயம்பேட்டில் லாரிகள் வந்து நிற்கும். கோடையில் உள்ளூர் முருங்கைக்காய் மூட்டை மூட்டையாக இறங்கும். மார்கழியில் வருவது வடக்கத்திக் காய். அதுவும் கொஞ்சம்தான்.

ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பயணம். டீசல் செலவு இருக்கிறது. வழிநெடுகச் சுங்கச் சாவடி இருக்கிறது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் காயின் தலையில்தான் விழும். போதாக்குறைக்கு முருங்கைக்காய் நாள்பட நிற்காது. வாடும், வளையும், நார் ஏறும். வழியில் கெட்டதற்கும் சேர்த்துத்தான், கெடாத காய்க்கு விலை வைக்கிறார்கள்.

தெருமுனைக் கடைக்காரர் பாடும் எளிதல்ல. கோடையில் ஒரு மூட்டை முருங்கைக்காய் எடுப்பவர், மார்கழியில் இரண்டு கிலோ எடுக்கவே யோசிப்பார். நாலு பேர் விலையைக் கேட்டு விட்டுப் போவார்கள், ஒருவர் வாங்குவார். மாலைக்குள் மிச்சம் வாடினால் நஷ்டம் அவருக்கு. அந்தப் பயத்துக்கும் விலையில் ஒரு பங்கு உண்டு. “கொள்ளை அடிக்கிறான்” என்று அவரைத் திட்டுவது சுலபம். சில இடங்களில் அதுவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஐம்பது ரூபாயும் அவர் பைக்குப் போகிறது என்று எண்ணினால் தவறு.

விலை உண்டு, காய் இல்லை!

அப்படியானால் அரவக்குறிச்சி விவசாயிக்கு 2024 மார்கழியில் யோகம் அடித்ததா?

இல்லை! கிலோ 400 ரூபாய் விற்ற நாளில் அவர் மரத்தில் காய் இல்லை. எங்கோ ஒரு மேட்டு நிலத்தில், மழைக்குத் தப்பி நாலு மரத்தில் காய் நின்றவர்கள் மட்டும் காசு பார்த்தார்கள். மற்றவர்கள் மொட்டை மரத்தைப் பார்த்தார்கள்.

காய் கொட்டுகிற கோடையில் நிலைமை தலைகீழ். ஒரே வாரத்தில் எல்லாத் தோட்டத்திலும் பறிப்பு. மார்க்கெட்டில் இறக்கி வைக்க இடம் இராது. விவசாயிக்குக் கிலோவுக்கு 5 ரூபாய்கூடக் கிடைக்காத ஆண்டுகள் உண்டு. காய் பறிக்க ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வண்டி வாடகை வேறு. விற்ற பணம் அதற்கே காணாது என்று காயை மரத்திலேயே விட்டு விடுவார்கள். அது முற்றி, காய்ந்து, வெடித்து விதை சிதறும்.

அந்த நாளிலாவது நகரத்துக் கடையில் கிலோ 5 ரூபாய்க்கு முருங்கைக்காய் கிடைக்குமா என்றால், அதுவும் கிடையாது. விலை ஏறும்போது கடை வரை ஓடி வருகிறது. இறங்கும்போது மட்டும் பாதி வழியில் களைத்து நின்று விடுகிறது!

ஒரு ரூபாயில் 33 காசு

தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றைப் பற்றி ரிசர்வ் வங்கி 2024-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கடையில் நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. மீதி எல்லாம் வழியில் உள்ள கைகளுக்கும் செலவுகளுக்கும்! முருங்கைக்காய் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அதுவும் அதே பாதையில்தான் வருகிறது.

தக்காளிக் கதையும் மறந்திருக்காது. 2023 மே மாதம் மராட்டியத்தில் விலை இல்லாமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். அடி பட்டவர்கள் அடுத்த பயிரைக் குறைத்தார்கள். வெயிலும் நோயும் சேர்ந்து கொண்டன. ஜூலை முடிவதற்குள் சென்னையில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயை எட்டியது. தமிழ்நாடு அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும், சென்னையில் முதலில் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. ஆளுக்கு ஒரு கிலோ. அதற்கு வரிசை!

இடையில் உள்ள கைகளைக் குறைக்க நல்ல முயற்சி ஒன்று முன்பே நடந்தது. 1999 நவம்பர் 14-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி மதுரையில் உழவர் சந்தையைத் தொடங்கி வைத்தார். விவசாயியே கொண்டு வந்து, தராசு பிடித்து விற்கலாம். பிறகு பல ஊர்களில் உழவர் சந்தைகள் வந்தன. பருவக் காய்க்கு இது கை கொடுக்கிறது. காயே இல்லாத மார்கழியில் எந்தச் சந்தைதான் என்ன செய்யும்?

பாட்டி வீட்டு ஜாடி

பழைய காலத்து வீடுகளில் பருவம் இல்லாத காயைத் தேடி யாரும் அலைய மாட்டார்கள். கோடையில் கொத்தவரங்காய், கத்தரிக்காய், சுண்டைக்காய் எல்லாம் மொட்டை மாடியில் காயும். மழைக்காலத்துக்கு ஜாடியில் வற்றல் இருக்கும். முருங்கைக்காய்க்கு மட்டும் அந்த வித்தை பலிக்காது. பச்சையாகத்தான் தின்ன வேண்டும்.

ஆனால் மார்கழிக்கு என்று காய்கள் இல்லையா? அவரை இருக்கிறது. பச்சை மொச்சை வருகிறது. பரங்கிக்காய், பூசணிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் குவிகின்றன. பொங்கலுக்கு வைக்கும் கூட்டுக் குழம்பைப் பாருங்கள். அதில் சேரும் காய் எல்லாம் அந்த மாதத்துக் காய்தான்.

2024 மார்கழியில் பல வீடுகளில் பூசணிக்காய் சாம்பார்தான். ஓட்டல் சாம்பாரில் முருங்கைத் துண்டு மறைந்து, முள்ளங்கி வந்தது. முருங்கைக்காயே வேண்டும் என்று அடம் பிடித்தவர்கள் ஒரு காயை வாங்கி எட்டுத் துண்டாக நறுக்கினார்கள். ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு.

மாசி பிறந்தால் வெயில் உறைக்கும். அரவக்குறிச்சித் தோட்டங்களில் பூ நிற்கத் தொடங்கும். வடக்கத்தி லாரி குறையும். 50 ரூபாய்க் காய் 20-க்கு இறங்கும், 10-க்கு இறங்கும், பங்குனியில் கட்டுக் கட்டாகத் தள்ளுவண்டியில் வந்து விடும். “என்ன விலை?” என்று கேட்டு வாய் பிளப்பது அப்போது வீட்டு அம்மா அல்ல. மூட்டையை இறக்கி விட்டு மார்க்கெட் வாசலில் நிற்கும் விவசாயி!